கீழ் அடுக்குக்குப் போன படம்

பச்சை டிக்கை நான் நம்புவதில்லை. திரையில் 'வெற்றி' என்று வந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும், எனக்குச் சந்தேகம் வரும். வெற்றி என்று சொன்னது யார், எதைப் பார்த்துச் சொன்னது, உள்ளே ஒரு தடவையாவது திறந்து பார்த்ததா என்று கேட்கத் தோன்றும். வீட்டிலும் இதே கதைதான். காஸ் சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டி, மறுபடி செருப்பைக் கழற்றி உள்ளே போய்ப் பார்ப்பேன். படூரில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டை என் கணவர் அதுவரை கையால் மறித்துக்கொண்டு நிற்பார். லிஃப்ட் நிற்கிற நேரத்தை வைத்தே நான் வேலைக்குக் கிளம்பியது மூன்று மாடிக்கும் தெரிந்துவிடுகிறது என்று கிண்டல் செய்வார்.

இந்தக் குணத்துக்குத் தோதான வேலையும் அமைந்தது. செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற ஒரு ஸ்கேன் சென்டரில் நான் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிறேன். படம் எடுப்பது என் வேலை இல்லை. எடுத்த படம் எங்கே இருக்கிறது, கேட்டால் வருமா என்பதுதான் என் வேலை. சி.டி. ஸ்கேன் என்றால் ஒரே ஒரு படம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நெஞ்சை எடுத்தால் மெல்லிய துண்டு துண்டாக நூற்றுக்கணக்கான படங்கள் சேரும். ஒரு நாளைக்கு வருகிற நெஞ்சு, வயிறு, மண்டை, முழங்கால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடம் சீக்கிரமே நிரம்பிவிடும்.

அதனால் மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் இருப்பது எஸ்.எஸ்.டி. கேட்ட மாத்திரத்தில் படத்தைக் கொடுக்கும், ஆனால் விலை கூடியது, இடம் கம்மி. நடு அடுக்கில் சுழலுகிற சாதாரண ஹார்ட் டிஸ்க். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுக்கும். கீழ் அடுக்கில் டேப். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பெட்டிகள், மொத்தம் இருபத்து நான்கு, ஓர் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் வரிசையாக நிற்கும். கேட்டால் உள்ளே ஓர் இயந்திரக் கை நகர்ந்து வந்து, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற கோடு போட்ட லேபிளைப் படித்து, சரியான பெட்டியை உருவி ஓட்டிப் பார்க்கும். கால் மணி நேரம்கூட ஆகும். தாளிக்கிற கடுகு அடுப்புக்குப் பக்கத்தில், பொங்கல் பானை பரணில் என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

எது கடுகு, எது பானை என்பதை ஒரு விதி முடிவு செய்யும். மூன்று மாதம் யாரும் திறக்காத படம் மேல் அடுக்கிலிருந்து நடு அடுக்குக்கு இறங்கும். அங்கும் நெடுநாள் யாரும் கேட்காவிட்டால் டேப்புக்குப் போகும். மேலே இடம் நெருக்கடியானால் இந்தக் கெடு தானாகக் குறையும். விதியை எழுதியது நான்தான். எனக்கு அதில் பிடிக்காதது ஒன்றே ஒன்று. படம் எந்த அடுக்குக்குப் போனாலும் பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருக்கும். பெயர், தேதி, அளவு எல்லாம் இருக்கும், படம் மட்டும் அங்கே இருக்காது. பெயர் இருக்கிறது என்பதற்காகப் பொருளும் இருக்கிறது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு பழைய படத்தை டேப்பிலிருந்து இழுத்துப் பார்ப்பேன். டேப் இயந்திரத்தைப் பராமரிக்கிற சர்வீஸ்காரர் மாதாமாதம் முழுக்கப் பச்சையாக ஓர் அறிக்கை கொடுப்பார். அதை அவர் கண் முன்னாலேயே ஓரமாக வைத்துவிடுவேன்.

எங்கள் சென்டரைப் பெருக்கித் துடைக்கிற அக்கா நெம்மேலிப் பக்கத்துக் கிராமம். மாமல்லபுரம் வந்து, திருக்கழுக்குன்றம் பஸ் பிடித்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏழு மணிக்கு வந்துவிடுவார். ஆறு வருடமாக அப்படித்தான். ஒரு தடவை துடைப்பம் இடித்து ஒரு வயர் கழன்று அரை நாள் வேலை நின்றது. அன்றைக்கு நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சர்வர் அறைக்குள் அவரை விட்டதே இல்லை. அந்தச் சாவி என் கைப்பையில் இருக்கும், அந்த அறையை நானே பெருக்குவேன்.

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பே அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. எங்கள் சென்டரிலேயே நெஞ்சுக்கு சி.டி. எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல் பக்கம் வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. நுரையீரலில் அந்தப் பகுதியை அறுத்து எடுத்துவிடலாம், பிறகு என்ன என்று பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். விடுமுறைக்கு அடுத்த வாரம் வியாழன் மாலை சேர வேண்டும், வெள்ளி காலை அறுவை.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை எங்கள் ரேடியாலஜி டாக்டரம்மா அந்தப் படத்தை மறுபடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது எப்போதோ வந்துபோன காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம் என்பது அவர் எண்ணம். பழைய படம் ஒன்று இருந்தால் போதும், அப்போதும் இதே அளவில் இருந்திருந்தால் கத்தி வைக்கவே வேண்டாம், நானே எழுதிக் கொடுப்பேன் என்றார். அறையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"எனக்கு இங்கயே ஒரு தபா எடுத்தாங்களே டாக்டர். வேலைக்கு சேந்த புதுசுல, காச்ச வந்துச்சே."

அந்தப் பிலிம் எங்கே என்று கேட்டோம். கூரை ஒழுகி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார். அப்புறம் டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது. தேதி இருந்தது, அளவு இருந்தது. திறந்தேன். திரையில் சக்கரம் சுற்றியது. டேப்பில் இருக்கிறது, காத்திருக்கவும் என்றது. காத்திருந்தேன். கடைசியில், குறிப்பிட்ட டேப் இயந்திரத்தில் இல்லை என்று ஒரு வரி வந்தது.

சர்வர் அறைக்கு ஓடிப் பார்த்தேன். இயந்திரத்தின் முன்விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. முன்பக்கக் கண்ணாடி வழியே எண்ணிப் பார்த்தால் இருபத்து நான்கு பெட்டிகளும் இருந்தன. லேபிள் இருக்கிற முகம் உள்நோக்கித் திரும்பியிருக்கும், அது இயந்திரம் படிப்பதற்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு முதுகுகள்தான். இன்னும் இரண்டு பழைய படங்களைக் கேட்டேன். அவையும் இல்லை என்றது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் இழுப்பறையை வெளியே இழுத்துப் பார்த்திருப்பார்கள். என் புத்தி அப்படிப் போகவில்லை. யாரோ அசல் டேப்புகளை எடுத்துக்கொண்டு வெற்று டேப்புகளைச் செருகியிருக்கிறார்கள் என்றுதான் போனது.

முதலில் சர்வீஸ்காரரைச் சந்தேகப்பட்டேன். இத்தனை மாதப் பச்சை அறிக்கைக்குப் பின்னால் டேப்பில் எதுவும் எழுதியே இருக்க மாட்டார்களோ என்று. பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் நானே இழுத்துப் பார்த்தேனே என்று ஞாபகம் வந்தது. விடுமுறை என்பதால் போன வெள்ளி மட்டும் பார்க்கவில்லை. ஆக, நடந்தது இந்தப் பத்து நாளுக்குள். உள்ளே இருப்பவர் யாரோதான் என்று முடிவு கட்டினேன். அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க லாக் பதிவுகளைத் தோண்டினேன். யார், எப்போது, எந்தப் படத்தைத் திறந்தார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் சி.டி. டெக்னீஷியன். வேடந்தாங்கல் தாண்டி விவசாயக் குடும்பம், என் வயதுதான், இரண்டு பிள்ளைகள், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவர். அவர் பெயரில், சென்டருக்கு அன்று வரவே வராத ஆட்களின் பழைய படங்கள் திறக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு நொடி, மூன்று நொடி. ஒரு மாலையில் ஐம்பது, அறுபது பேருடைய படம். யாருக்கோ காட்டுகிறாரா, நகல் எடுத்து விற்கிறாரா என்று எனக்கு ஓடியது. ஒரு தடவை சர்வர் அறைச் சாவியை அவர் கேட்டதும் ஞாபகம் வந்தது. எதற்குக் கேட்டார் என்பது ஞாபகம் வரவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

புதன் காலை அந்தப் பட்டியலை அச்செடுத்து டாக்டரம்மா மேஜையில், டெக்னீஷியனையும் வைத்துக்கொண்டு, போட்டேன். இவர்கள் யாரும் வராத நாளில் இவர்கள் படத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவர் காகிதத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

"மூணு மாசம் தொறக்கலன்னா கீழ போயிடுது மேடம். அப்பறம் அது மேல வர்றதுக்குள்ள பேஷண்ட் என்னாண்ட கத்துறாங்க. உங்களாண்டயா கத்துறாங்க? அதான், திரும்பி திரும்பி வர்றவங்களோடத மட்டும் அப்பப்ப ஒரு தபா தொட்டு வுட்டுர்றேன். தொட்டுட்டா கீழ போவாது."

நான் எழுதிய விதியை அவர் ஒரு விரலால் ஏமாற்றிக்கொண்டிருந்தார், அதுவும் நோயாளிகளுக்காக. அந்த நிமிஷமே கணக்கு எனக்குப் புரிந்தது. அவர் தொட்டுத் தொட்டு வைத்த படங்கள் மேல் அடுக்கை அடைத்துக்கொண்டன. மேலே இடம் நெருக்கடியானதும் கெடு குறைந்தது. யாரும் தொடாத படங்கள் முந்திக்கொண்டு இறங்கி, சீக்கிரமே டேப்புக்குப் போய்விட்டன. மேல் அடுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று ஒரு வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம்.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார், அக்காவுடைய படத்தை எப்போதாவது தொட்டீர்களா என்று.

டெக்னீஷியன் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

"இல்ல டாக்டர். டெய்லி பாக்கறோமா, அவங்கள பேஷண்ட்டுன்னே தோணல."

அவர் பேசியதில் பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. படங்களைத் திறந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, டேப் காணாமல் போனதற்கு இன்னும் கிடைக்கவில்லையே என்று வீம்பு பிடித்தேன். அறுவைக்கு இன்னும் இரண்டே நாள். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இழுப்பறையை வெளியே இழுத்து லேபிளைப் பார்த்தீர்களா மேடம்?

சாவியைப் போட்டு இழுத்தேன். டெக்னீஷியன் எனக்குப் பின்னால் நின்றார்.

இருபத்து நான்கு பெட்டிகளிலும், இருபத்து நான்கு லேபிள்களின் நட்டநடுவில், சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தது. காய்ந்து கெட்டிப்பட்ட சந்தனம், அதன் மேல் சின்னதாகக் குங்குமம். வரிசை கொஞ்சமும் கோணவில்லை. அந்தக் கை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் வாஷிங் மெஷினிலும் அதே கைதான் பொட்டு வைத்திருக்கிறது.

ஆயுத பூஜை அன்று எல்லா இயந்திரத்தையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைப்பது எங்கள் சென்டர் வழக்கம். சி.டி. இயந்திரத்துக்கு டெக்னீஷியன், எக்ஸ்ரேக்கு இன்னொருவர், வரவேற்பில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு அங்கே உட்கார்கிற பெண். டேப் இயந்திரத்துக்கு வைக்கிறேன் என்று அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். வேறு யாரையும் உள்ளே விட்டால் எங்காவது ஈரம் படும், எதையாவது இடிப்பார்கள் என்று பயம். வருடா வருடம் இயந்திரத்தின் வெளியில் ஒரு பொட்டு வைத்ததோடு சரி. அந்த வருடம் என்னவோ, உள்ளே இருப்பதுதானே உண்மையில் வேலை செய்கிறது என்று தோன்றி, இழுப்பறையை இழுத்து ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். பெட்டி கறுப்பு, பொட்டு எடுப்பாகத் தெரிகிற வெள்ளை இடம் லேபிள் மட்டும்தான். அதில் வைத்தேன். திங்கள் காலை இயந்திரத்தைப் போட்டதும் அது வழக்கம்போல ஒவ்வொரு லேபிளாகப் படிக்கப் பார்த்திருக்கிறது. ஒன்றையும் படிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தவர் யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு, தன் விளக்கைப் பச்சையாக எரியவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

"பூஜ நல்லா தான் பண்ணிக்கிறீங்க மேடம்" என்றார் டெக்னீஷியன்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அவரிடம் அப்போது மன்னிப்புக் கேட்டேன். அவர், நாற்காலியை இழுத்துப் போடுங்கள், வேலையைப் பார்ப்போம் என்றார்.

துடைத்தால் போய்விடும் என்று நினைத்து, வரிசை முழுக்க ஒரே இழுப்பில் துடைத்தேன். ஈரத்துணி பட்டதும் குங்குமம் லேபிள் முழுக்கப் பரவி, கோடுகளும் எண்ணும் சிவப்பில் மூழ்கின. இனி ஒரே வழிதான். டேப்பின் தொடக்கத்திலேயே அது எந்த டேப் என்பது எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே தள்ளி, ஓடவிட்டு, நீ யார் என்று அதனிடமே கேட்க வேண்டும். அது பாட்டுக்குத் தன் வேகத்தில் சுற்றித்தான் பதில் சொல்லும். அக்காவின் படம் எந்தப் பெட்டியில் என்பது பட்டியலில் இருந்தது, அந்தப் பெட்டி இருபத்து நான்கில் எது என்பதுதான் தெரியாது. போதாததற்கு ஆறாவது டேப் உள்ளே மாட்டிக்கொண்டது. சர்வீஸ்காரர் மறைமலைநகரிலிருந்து வந்து எடுத்துக் கொடுப்பதற்குள் புதன்கிழமை தீர்ந்துவிட்டது.

நடுவில் அக்கா நடையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியில் நின்றார். கிடைத்ததா என்று கேட்டார். லேபிளெல்லாம் அழிந்துபோய்விட்டது அக்கா, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அழித்தது யார் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் முகம் மாறியது.

"நான் அந்த ரூமுக்குள்ள கால் வெச்சதே இல்ல மேடம்."

தெரியும் அக்கா என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். துடைப்பத்தைக் கூடச் சத்தம் வராமல் வைத்தார். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழன் மதியம், பத்தொன்பதாவது டேப். பெயர் பொருந்தியது. படம் ஒவ்வொரு துண்டாக மேலே ஏறி வந்தது. டாக்டரம்மா பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்து ஒன்றாக நகர்த்தினார். வலது நுரையீரல், மேல் பக்கம், வேர்க்கடலை. ஆறு வருடத்துக்கு முன்னாலும் அதே இடம், அதே அளவு. அவர் அளந்தார், மறுபடி அளந்தார். நான் இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். அளந்துவிட்டு, வேண்டாம், கத்தி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அறுவை செய்ய இருந்த டாக்டரிடம் போனில் பேசி, அவரும் படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அக்கா அன்று வேலைக்கு வரவில்லை. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சரி மேடம், ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்துவிட்டார்கள், போகாவிட்டால் அப்புறம் கிடைக்காது, நான் போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்றார். எத்தனை தடவை சொன்னாலும் சரி மேடம் என்றார். அந்தச் 'சரி'யை எனக்குத் தெரியும். சர்வீஸ்காரரின் அறிக்கையை வாங்கும்போது நான் சொல்கிற அதே 'சரி'.

டெக்னீஷியன் பைக்கை எடுத்தார். லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றத்தில் தூறல் பிடித்தது. மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் காற்று ஆளைத் தள்ளியது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற நிலையத்தின் நீண்ட மதில் முடிகிற இடத்தில் அக்காவின் மகள் குடையோடு நின்று வழிகாட்டினாள்.

வீட்டுக்குள் அக்கா நல்ல புடவை கட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. தட்டு, டம்ளர், பிளாஸ்க், நைட்டி, துண்டு எல்லாம் அதற்குள். டெக்னீஷியன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். லேப்டாப்பைத் திறந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, டாக்டரம்மாவின் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். சென்டரில் என்னை மேடம் என்று கூப்பிடுகிறவர், தன் வீட்டில் அப்படிக் கூப்பிடவில்லை.

"இது என்துன்னு எப்டிம்மா சொல்ற? லேபிளு எல்லாம் அழிஞ்சி போச்சின்னு நீ தான சொன்ன?"

டேப்புக்கு உள்ளேயே பெயர் எழுதியிருக்கிறது என்றேன். யார் எழுதியது என்றார். மிஷின் என்றேன். மிஷின் தப்பே பண்ணாதா, மிஷின் சொல்கிறதை நம்பாதே என்று நீதானே அந்த டேப் மிஷின் ஆளிடம் மாசாமாசம் சொல்கிறாய் என்று கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

"அழிச்சது யாரு?"

"நான்தான் அக்கா. பூஜைக்குப் பொட்டு வெச்சேன். லேபிள் மேலயே வெச்சுட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"இருபத்து நாலுக்கும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அக்கா சிரிக்கவில்லை.

"அன்னிக்கி உன் கைல கிண்ணத்த குடுத்தேன்ல, அதுல எதனா சிந்திட்டேனோன்னு நேத்துலேந்து நெனச்சிகினு கீறேன். சோறு எறங்கல."

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். அறுவைக்குப் போகிற பயத்தோடு அந்தப் பயத்தையும் சேர்த்து அவர் தலையில் வைத்திருக்கிறேன். நான் சந்தேகப்பட்டே பிழைக்கிறவள். என் சந்தேகம் அடுத்தவர் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஆனால் மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. அவர் இன்னும் பையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பெயரையும் எண்ணையும் காட்டிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. நுரையீரலை மூடிவிட்டு, இரண்டு படத்திலும் எலும்பை மட்டும் தெரிகிற மாதிரி மாற்றினேன். விலா எலும்புகள், முதுகெலும்பு, தோள். மெதுவாகத் திருப்பினேன். இடது காரை எலும்பு நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கோணலாக ஒட்டியிருந்தது. பழையதிலும் அப்படித்தான், புதியதிலும் அப்படித்தான். இங்கே எப்போதாவது அடிபட்டதா அக்கா என்று கேட்டேன்.

அவர் திரையையே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி, என் விரலைப் பிடித்துத் தன் இடது கழுத்தடியில் வைத்தார். தோலுக்குக் கீழே அந்த மேடு இருந்தது.

"சவுக்குக்கட்ட லோடு மேலேந்து வுழுந்தேன். கல்யாணத்துக்கு முன்ன. கட்டு கூட போடல, அப்டியே ஒட்டிக்கிச்சி. இத யாராண்டயும் நான் சொன்னதில்லியே."

"சொல்லலக்கா. படத்துல இருக்கு."

திரையில் இருந்த பழைய எலும்பை அவர் ஒரு தடவை தொட்டார், தன் எலும்பை ஒரு தடவை தொட்டார். அப்படி இரண்டு மூன்று தடவை செய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை மகளிடம் கொடுத்து முதலிலிருந்து கடைசிவரை படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். வெளியே டெக்னீஷியன் எழுந்து நின்றுகொண்டார். படித்து முடித்ததும் அக்கா என்னைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு நான் வேலைக்கு வர்ணுமா?"

திட்டுவார் என்று நினைத்திருந்தேன், அழுவார் என்று நினைத்திருந்தேன். இதை நினைக்கவில்லை. வேண்டாம் அக்கா, நாளைக்கு ஒரு நாள் வீட்டிலேயே இருங்கள், ஓய்வெடுங்கள் என்று ஆசையாகச் சொன்னேன். உடனே அவர் கண் சுருங்கியது. கை மறுபடி பையின் காதைப் பிடித்தது.

"இன்னாத்துக்கு இருக்க சொல்ற? அதுல வேற எதனா கீதா?"

"ஒண்ணும் இல்லக்கா. நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க."

"நெஜமா வரணுமா?"

"வரணும். இன்னிக்கு ஒரு இடம் கூட சரியாத் துடைக்கல."

என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பையைத் தன் பக்கம் இழுத்து, தட்டையும் டம்ளரையும் வெளியே எடுத்தார்.